பேஸ்மென்ட் கரியடுப்பு இரவில் அணைந்துவிடுகிறது (ஆந்த்ரசைட், ஹேசல்டன் பக்கம்)

பனிக்காடு

அனைவருக்கும் வணக்கம். பென்சில்வேனியா, ஹேசல்டன் பக்கம் பழைய வீடு. பேஸ்மென்டில் கையால் கரி போடுகிற அடுப்பு ஒன்று வீட்டோடு சேர்ந்தே வந்திருக்கிறது, ஸ்டோக்கர் (கரியைத் தானாகப் போடும் இயந்திரம்) கிடையாது. ஆயில் ஃபர்னஸும் இருக்கிறது. வருடத்துக்கு 600 கேலன் போல எண்ணெய் குடிக்கும் வீடு என்பதால், குளிர்காலம் முழுக்க நிலக்கரியிலேயே ஓட்டலாமா என்று பார்க்கிறோம்.

அமைப்பு: ஷேக்கர் கிரேட் (ஆட்டிச் சாம்பலைக் கீழே உதிர்க்கும் அடித்தட்டு), அதன்மேல் 10 அங்குல உயரத்துக்குத் தீச்செங்கல், 6 அங்குலக் கறுப்புக் குழாய், குழாயில் பாரோமெட்ரிக் டாம்பர் (புகைபோக்கியின் இழுப்பு கூடினால் தானாகத் திறந்து அறைக் காற்றை உள்ளே விடும் தகடு), வெளிச்சுவரை ஒட்டிய செங்கல் புகைபோக்கி, உள்ளே களிமண் லைனர் (உட்குழாய்). கரி உள்ளூர் ஆந்த்ரசைட் (அதிகம் புகையாத கடினமான நிலக்கரி), நட் சைஸ் (சின்னத் துண்டுகள்), 40 பவுண்டு மூட்டை.

1. விறகு வைத்துப் பற்றவைத்தால் கரி பிடிக்கிறது. இரவு நாலைந்து அங்குலம் கரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் அணைந்து கிடக்கிறது. சாம்பல் தட்டில் பாதி எரியாத கறுப்புக் கரி. மேலிருந்து கம்பியால் கிளறினால் இன்னும் மோசமாகிறது.

2. புதுக் கரி போட்டுக் கதவைச் சாத்தி சில நிமிடம் கழித்து 'டப்' என்று ஒரு வெடி. டாம்பர் தகடு அடித்துக்கொள்கிறது, குழாய் இணைப்பில் தூசி கொட்டுகிறது.

3. சமையலறை ஹூட்டை (சமையல் புகையை வெளியே இழுக்கும் விசிறி) ஃபுல்லில் வைத்து மீன் பொரிக்கும்போது பேஸ்மென்ட் கார்பன் மோனாக்சைடு மீட்டர் 30, 35 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு) என்று காட்டுகிறது. ஹூட்டை நிறுத்தினால் இறங்குகிறது.

கோளாறு அடுப்பிலா, ஓட்டும் முறையிலா? எத்தனை டன் வாங்கி வைக்க வேண்டும்?

கங்கு

முதலில் உங்கள் மூன்றாவது கேள்வி. மீட்டர் எண் காட்டுகிற நிலையில் அடுப்பை மூட்டாதீர்கள். காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்கிறவரை ஆயிலே ஓடட்டும். அந்த விஷயத்தை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் நெருப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விறகடுப்பு ஓட்டுகிற மாதிரி ஆந்த்ரசைட்டை ஓட்டினால் நீங்கள் சொன்ன முதல் இரண்டும் கட்டாயம் நடக்கும். விறகில் ஆவியாகி எரியும் பொருள் அதிகம். மேலே காற்று கொடுத்தாலும் பிடித்துக்கொள்ளும். ஆந்த்ரசைட்டில் அது நூற்றுக்கு எட்டுக்கும் கீழே. மிச்சத்தில் சாம்பல் போக எல்லாம் கார்பன். கார்பன் எரிவதற்குக் காற்று கிரேட்டுக்கு அடியில் புகுந்து கரிக்குள்ளே ஏறி வர வேண்டும். மேல்கதவில் இருக்கும் காற்றுத் துளையைத் திறந்து வைத்தால் நெருப்பின் முகத்தைக் குளிரவைத்துவிட்டு அந்தக் காற்று புகைபோக்கிக்குப் போய்விடும். அதை முழுக்க மூடுங்கள், அல்லது ஒரு மயிரிழை விடுங்கள்.

நாலைந்து அங்குலம் கரி போதவே போதாது. தீச்செங்கலின் விளிம்புவரை நிரப்புங்கள், ஓரங்களில் கொஞ்சம் தூக்கலாகவே. ஒற்றைத் துண்டு ஆந்த்ரசைட் தானாக எரியாது. சுற்றியிருக்கும் துண்டுகளின் சூடு சேர்ந்தால்தான் நிற்கும். வெளியே அவ்வளவு குளிர் இல்லை என்று கரியைக் குறைத்துப் போடுவது புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வது. சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழ்க்காற்றை வைத்துத்தான். கரியின் ஆழம் ஜனவரியிலும் அக்டோபரிலும் ஒன்றே.

மேலிருந்து கிளறுவதை இன்றோடு விடுங்கள். நல்ல நெருப்பில் அடியில் சாம்பல், நடுவில் தணல், மேலே புதுக் கரி என்று அடுக்கு இருக்கும். கிளறினால் சாம்பல் தணலுக்குள் ஏறும், காற்றுப் பாதை அடைபடும். சூடான இடத்தில் மாட்டிய சாம்பல் உருகிக் கட்டியாகி கிரேட் பற்களுக்கு இடையே சிக்கினால், நெருப்பை மொத்தமாக இறக்காமல் அதை எடுக்க முடியாது.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

கீழ்க்காற்றை முழுக்கத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள், நெருப்பு உயிர் பெறட்டும். பிறகு மேல்கதவை ஒரே இழுப்பாகத் திறக்காமல், ஓர் அங்குலம் திறந்து சில நொடி நிறுத்துங்கள். தேங்கிய வாயு இருந்தால் எரிந்து போகும். பிறகு கிரேட்டை ஆட்டுங்கள். நீளமாக இழுத்துத் தள்ளாமல், குட்டிக் குட்டியாக, வெடுக் வெடுக்கென்று. நீள ஆட்டத்தில் பற்கள் அகலத் திறந்து முழுக் கரியே கீழே விழும். உங்கள் தட்டில் கறுப்புக் கரி கிடப்பதற்குப் பாதிக் காரணம் இது. சாம்பல் அறை முழுக்கச் செவ்வொளி பரவி, சிவந்த பொறி விழ ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஆட்டினால் கொட்டுவது சாம்பல் அல்ல, உங்கள் நெருப்பு.

ஆட்டிய பிறகும் ஒரு மூலை இருட்டாக இருந்தால் அங்கே சாம்பல் பாலம் கட்டியிருக்கிறது. கால் அங்குலக் கம்பியின் நுனியில் இரண்டு அங்குலத்தை எல் வடிவில் வளைத்து, சாம்பல் கதவு வழியாகக் கிரேட்டின் இடுக்குகளில் கீழிருந்து குத்துங்கள். கிளறுவது என்றால் அது ஒன்றுதான். பழைய அடுப்புகளில் நாலு மூலையும் இப்படித்தான் செத்துப்போகும், பிறகு நடுவில் மட்டும் எரிந்து இரவில் அணையும்.

இப்போது கரி போடலாம். உங்கள் 'டப்' சத்தத்துக்குக் காரணம் இந்த இடத்தில் இருக்கிறது. சிவந்த தணல் முழுவதையும் ஒரே மூச்சில் புதுக் கரியால் மூடினால், சூடேறும் கரியிலிருந்து வாயு கிளம்பும், பற்றவைக்க மேலே சுடர் இருக்காது. அடுப்பின் மேற்பகுதி வாயுவால் நிரம்பி, எங்கோ ஓர் ஓரத்தில் சுடர் எட்டிப்பார்த்ததும் மொத்தமும் ஒன்றாகப் பற்றும். அதனால் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்காவது தணல் வெளியே தெரியும்படி விட்டு, மற்ற இடத்தில் போடுங்கள். அங்கே நீலச் சுடர் ஆடிக்கொண்டே இருக்கும், கிளம்புகிற வாயுவை உடனுக்குடன் எரித்துவிடும். எல்லா இடமும் பிடித்த பிறகு அந்த மூலையையும் நிரப்பிக்கொள்ளலாம். அடியில் தூள் தங்கிய மூட்டையைக் கவிழ்க்கும்போது கூடுதல் கவனம் வேண்டும்; தூள் காற்றை அடைக்கும், வாயுவையும் வேகமாக விடும்.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் நீலச் சுடர் பரவியதும் கீழ்க்காற்றை வழக்கமான அளவுக்குக் குறைத்துவிட்டுப் போகலாம். அடுத்த பன்னிரண்டு மணி நேரம் அடுப்பைத் தொட வேண்டாம்.

காலையில் நெருப்பு மங்கியிருந்தால் வரிசையை மாற்றுங்கள். ஆட்டவே கூடாது. கீழ்க்காற்றைத் திறந்து, நெருப்பு ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் ஒரு கை கரியை மெல்லியதாகத் தூவி, அது பிடித்த பிறகு லேசாக ஆட்டி, அதற்குப் பிறகே நிரப்ப வேண்டும். மங்கிய நெருப்பை முதலில் ஆட்டினால் அதோடு கதை முடிந்தது.

இரண்டு எச்சரிக்கை. சாம்பல் கதவைத் திறந்து வைத்து நெருப்பை ஏற்றுகிறீர்கள் என்றால் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். மறந்து மாடிக்குப் போனால் அடுப்பு சிவந்துவிடும், கிரேட் வளையும். இன்னொன்று, சாம்பல் தட்டு நிரம்பிக் கிரேட்டைத் தொட விடாதீர்கள். கிரேட்டைக் குளிர்விப்பது அடியில் வருகிற காற்றுதான். சாம்பல் முட்டினால் வார்ப்பிரும்பு மேலிருக்கும் சூட்டை முழுக்க வாங்கித் தொய்ந்துபோகும். பழைய அடுப்புகளுக்குக் கிரேட் கிடைப்பது குதிரைக்கொம்பு.

டன் கணக்கு: இங்கே டன் என்றால் 2000 பவுண்டு, அதாவது 50 மூட்டை. ஒரு டன் ஆந்த்ரசைட்டில் ஏறக்குறைய 2.5 கோடி பி.டி.யூ. (வெப்ப அளவு). அடுப்பு அதில் எழுபது சதவீதம் வீட்டுக்குக் கொடுத்தால், எண்பத்தைந்து சதவீதம் கொடுக்கும் ஃபர்னஸில் 150 கேலன் எண்ணெய் எரிப்பதற்குச் சமம். உங்கள் 600 கேலனுக்கு 4 டன். பேஸ்மென்ட் சுவருக்கு இன்சுலேஷன் இல்லையென்றால் 5 வைத்துக்கொள்ளுங்கள்; கரி கெட்டுப்போகாது, மிச்சமானால் அடுத்த வருடத்துக்கு.

இழுவை

மீட்டர் விஷயம் நான் சொல்கிறேன்.

புகைபோக்கியின் இழுவை என்று நாம் நம்பியிருப்பது மிகச் சின்ன அழுத்தம். கையால் கரி போடும் அடுப்புகளுக்கு வழக்கமாகச் சொல்வது 0.04 முதல் 0.06 அங்குலத் தண்ணீர் அளவு (தண்ணீரை அவ்வளவு உயரம் தூக்கும் அழுத்தம்). உங்கள் அடுப்பின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 0.04 அங்குலம் என்பது வெறும் 10 பாஸ்கல். மேலே ஹூட் முழு வேகத்தில், பக்கத்தில் துணி டிரையர், பாத்ரூம் ஃபேன் எல்லாம் ஒன்றாக ஓடினால் இறுக்கமாக மூடிய வீட்டில் அவ்வளவு வெற்றிடம் உண்டாவது கஷ்டமே இல்லை. வீடு காற்றை எங்கிருந்தாவது இழுத்தாக வேண்டும். எளிதான வழி புகைபோக்கிதான். பாரோமெட்ரிக் டாம்பரின் இடுக்கு வழியாகப் புகை பேஸ்மென்டுக்குள் இறங்கும். நம் சமையலுக்கு வாங்கும் ஹூட்கள் பெரும்பாலும் 600, 900 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்று இருப்பதால் இது நம் வீடுகளில் அதிகம். ஹூட் 400 சி.எஃப்.எம்.முக்கு மேல் போனால் ஈடுகாற்றுக்கு (வெளியேறும் காற்றுக்குப் பதிலாக வெளியிலிருந்து வரும் காற்று) ஏற்பாடு வேண்டும் என்று அமெரிக்க வீட்டுக் கட்டட விதித்தொகுப்பிலேயே இருக்கிறது.

நிரந்தரத் தீர்வு, ஹூட்டோடு சேர்ந்து திறக்கும் ஈடுகாற்று டாம்பர். அதுவரை பொரிப்பு, தாளிப்பு நேரத்தில் சமையலறை ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்து, ஹூட்டைக் குறைந்த வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள். பேஸ்மென்ட் ஜன்னலையும் சேர்த்துத் திறந்தால் நல்லது. மாடி ஜன்னலை மட்டும் திறந்தால் சூடான காற்று மேலே வெளியேறி, கீழே வெற்றிடம் கூடத்தான் செய்யும்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, ஆயில் ஃபர்னஸும் இந்த அடுப்பும் ஒரே புகைவழியில் சேர்கிறதா? சேர்ந்தால் இன்றே அடுப்பை நிறுத்துங்கள். திட எரிபொருளுக்குத் தனிப் புகைவழி வேண்டும். ஒரே புகைபோக்கிக்குள் இரண்டு லைனர் தனித்தனியாக இருந்தால் பரவாயில்லை.

இரண்டு, இழுவை எவ்வளவு? ஒரு சாய்வுக் குழாய் மானோமீட்டர் (சின்ன அழுத்தத்தை அளக்கும் கருவி) வாங்கி, அடுப்புக்கும் பாரோமெட்ரிக் டாம்பருக்கும் நடுவில் குழாயில் சின்னத் துளை போட்டு அளக்க வேண்டும். டாம்பருக்கு அந்தப் பக்கம் அளந்தால் அடுப்பு உணரும் இழுவை தெரியாது.

அலாரம் பற்றி ஒரு விஷயம். கடையில் கிடைக்கும் சாதாரண அலாரம் 70 பி.பி.எம்.மில் ஒரு மணி முதல் நாலு மணி நேரம் கழித்துத்தான் கத்தும். 30க்குக் கீழே எண்கூடக் காட்டாத மாடல்கள் உண்டு. உங்களுடையது எண் காட்டுகிறது என்பதால்தான் இது தெரியவந்தது. குறைந்த அளவையும் காட்டும் மீட்டர் ஒன்று பேஸ்மென்டில், படுக்கையறைகளுக்கு வெளியே ஒவ்வொரு மாடியிலும் ஒன்று. அலாரமே அடித்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து 911.

வடமராட்சி

நான் இங்கிலாந்துப் பக்கம். இஞ்ச சட்டம் வேற, அடுப்பும் சின்னன், ஆனா உந்தக் காற்றுப் பிரச்சினை அதேதான். 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட அடுப்பெண்டால் அறைக்கு மூடேலாத நிரந்தரக் காற்றுத்துளை கட்டாயம் வைக்க வேணும். புது அடுப்புப் பூட்டினால் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். குளிருது எண்டு அந்தத் துளைக்குள்ள துணி அடைக்கிற ஆக்கள் கனபேர். அதுதான் ஆபத்து.

இங்கிலாந்தில இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு: 2023 மே 1இல இருந்து வீட்டுக்கெண்டு சாதாரண புகைக்கரி விக்கேலாது. ஆந்த்ரசைட்டும் புகையில்லா எரிபொருள் கட்டிகளும் வாங்கலாம். பெற்கோக் (எண்ணெய் சுத்திகரிப்பில மிஞ்சுற கரி) கலந்த மலிவான கட்டி சில அடுப்புகளுக்கு ஒத்துவராது, சூடு கூடி கிரேட் உருகும். அடுப்புக் கொம்பனியின்ர பட்டியலைப் பாத்து வாங்குங்கோ. விறகையும் கரியையும் ஒண்டாப் போடுறதும் நல்லதில்லை. விறகின்ர ஈரமும் கரியின்ர கந்தகமும் சேந்து லைனரை அரிக்கும்.

பனிக்காடு

எல்லோருக்கும் நன்றி. புகைவழி தனித்தனிதான், ஃபர்னஸுக்கு வேறு லைனர். ஹூட் லேபிளில் 900 சி.எஃப்.எம். என்று இருக்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்து, ஹூட்டைக் குறைந்த வேகத்தில் ஓட்டிச் சோதித்ததில் மீட்டர் பூஜ்யத்திலேயே நிற்கிறது.

மானோமீட்டர் 0.02 காட்டுகிறது. அப்போது வெளியே 38 டிகிரி ஃபாரன்ஹீட், அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. டாம்பரை இறுக்கினால் சரியாகுமா? அதை எடுத்துவிட்டுச் சாதாரணக் கைத்தகடு (கையால் திருப்பிக் குழாயைக் குறுக்கும் தகடு) போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

கரிச் சாம்பலைத் தோட்டத்தில் கொட்டலாமா என்றும் சொல்லுங்கள்.

இழுவை

அந்தக் குளிரில், எரிகிற அடுப்புக்கு 0.02 ரொம்பக் குறைவு. எங்கோ காற்று ஒழுகுகிறது, இல்லையென்றால் எங்கோ அடைத்திருக்கிறது.

பாரோமெட்ரிக் டாம்பரின் முகத்தை அலுமினியம் ஃபாயிலால் கொஞ்ச நேரம் மூடிப் பாருங்கள். எண் ஏறினால் டாம்பர்தான் காரணம்: எடை தவறாக வைத்திருக்கலாம், அச்சு மட்டமாக இல்லாமல் தகடு சிக்கியிருக்கலாம். ஏறவில்லையென்றால் ஃபாயிலை எடுத்துவிட்டுப் புகைபோக்கியின் அடியில் இருக்கும் சாம்பல் வாரும் கதவைப் பாருங்கள். பழைய வீடுகளில் அது துருப்பிடித்துச் சரியாக மூடாது. புகைபோக்கி அடுப்பை விட்டுவிட்டுப் பேஸ்மென்ட் காற்றை அந்த வழியாக இழுத்துக்கொண்டிருக்கும். குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் சிமென்ட் உதிர்ந்திருந்தாலும் இதே கதை. இரண்டும் சரியாக இருந்தால் கிடைக்குழாய். ஆந்த்ரசைட்டில் தார் படியாது, ஆனால் பறக்கும் சாம்பல் கிடையாக ஓடும் குழாயிலும் மடக்கிலும் மாவு மாதிரி சேரும். நெருப்பை அணைத்துக் குளிரவிட்டு, கழற்றிப் பாருங்கள்.

திரும்பப் பூட்டும்போது: சுருக்கிய முனை அடுப்பைப் பார்த்து இருக்க வேண்டும், ஓர் இணைப்புக்கு மூன்று திருகு, கிடைக்குழாய் அடிக்குக் கால் அங்குலம் மேல்நோக்கி ஏற வேண்டும். ஒற்றைச்சுவர்க் குழாய்க்கும் மர உத்தரத்துக்கும் 18 அங்குலம் இடைவெளி.

கைத்தகட்டைப் பொறுத்தவரை என் கருத்து, டாம்பர் இருக்கட்டும். நள்ளிரவில் காற்று பலமாக அடித்தால் கைத்தகடு தானாகத் திருத்திக்கொள்ளாது.

கங்கு

அதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். உயரமான புகைபோக்கி, கடுங்குளிர் என்றால் பாரோமெட்ரிக் டாம்பர் பேஸ்மென்டின் சூடான காற்றை ஓயாமல் வெளியே கொட்டும். அங்கே கைத்தகட்டை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் 0.02இல் இருப்பவருக்கு அந்த விவாதமே தேவையில்லை. இழுவையைக் குறைக்கும் கருவியை மாற்றி இழுவையைக் கூட்ட முடியாது.

சாம்பலைக் காய்கறிப் பாத்தியில் போடாதீர்கள்; விறகுச் சாம்பல் வேறு, இது வேறு. கன உலோகங்கள் இருக்கும். பனி உறைந்த டிரைவ்வேயில் தூவலாம், நல்ல பிடிமானம் கிடைக்கும். காலணியில் வீட்டுக்குள் வரும் என்பதுதான் தொந்தரவு. எரிக்கிற கரியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத் தளத்தின்மேல் இல்லாமல், கல்லிலோ மண்ணிலோ வையுங்கள். ஆறியது போலத் தெரிந்தாலும் உள்ளே கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டி, அட்டைப் பெட்டி பக்கமே போகக் கூடாது.

இன்னொன்று: வெளியே 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகும் நாள்களில் புகைபோக்கிக்குள்ளும் வெளியேயும் வெப்ப வித்தியாசம் குறைந்து இழுவை தானாகவே விழும். அப்போது முழுக்க ஆட்டாமல் அடியில் கொஞ்சம் சாம்பலை விட்டு மெதுவாக ஓட்டுகிறவர்கள் உண்டு. புதிதாக ஓட்டுகிறவருக்கு அது வேண்டாம். அந்த மாதிரி நாள்களில் ஃபர்னஸ் ஓடட்டும்.

பனிக்காடு

ஃபாயில் போட்டும் எண் ஏறவில்லை. வாரும் கதவுதான், சட்டம் சுவரிலிருந்து விலகி ஒரு விரல் நுழையும் இடைவெளி. உள்ளே முழங்கை உயரத்துக்குச் சாம்பல். வாரிவிட்டு, சட்டத்தைச் சூடுதாங்கும் சிமென்டில் பதித்து, கதவுக்குக் கேஸ்கெட் கயிறு (இடுக்கை அடைக்கும் கயிறு) ஒட்டியதும் 0.05 நிற்கிறது. விளிம்புவரை நிரப்பி, மூலையில் தணல் விட்டுப் போட்டதில் வெடியும் இல்லை, காலையில் சிவப்பாக இருந்தது. சீசன் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

இழுவை

கடைசி நெருப்பு அணைந்த அதே வாரத்தில் செய்துவிடுங்கள், ஆகஸ்ட்வரை தள்ளிப்போடாதீர்கள். பறக்கும் சாம்பலில் கந்தகம் இருக்கிறது. கோடையில் பேஸ்மென்ட் ஈரத்தை அது உறிஞ்சினால் அமிலமாகி, குழாயை ஒரே கோடையில் ஓட்டை போட்டுவிடும்.

குழாயை முழுக்கக் கழற்றி வெளியே கொண்டுபோய்த் துலக்குங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு. புகைபோக்கியை மேலிருந்து கீழே பிரஷ் ஓட்டி, அடியில் வாருங்கள். அடுப்புக்குள் தீச்செங்கலுக்குப் பின்னாலும், புகை வெளியேறும் வாய்க்கருகில் இருக்கும் தடுப்புத் தகட்டின் மேலும் சாம்பல் ஒளிந்திருக்கும். சாதாரண வாக்குவம் கிளீனரில் இழுத்தால் வீடு முழுக்கப் பறக்கும். நுண்தூசி வடிகட்டி உள்ளதுதான் சரிப்படும். பிறகு பேக்கிங் சோடா கரைத்த தண்ணீரில் குழாயையும் அடுப்பின் உட்புற இரும்பையும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இரும்புப் பாகங்களுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. குழாயைத் திரும்ப மாட்ட வேண்டாம்; உலர்ந்த அறையில் வைத்துவிட்டு, சுவர்த் துளையை அடைத்துவிடுங்கள். அடுப்பின் கதவுகள் மூடியே இருக்கட்டும், உள்ளே ஈரம் உறிஞ்சும் பொடி ஒரு டப்பா.

குழாயை மாட்டுமுன் விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினாலோ அடிப்பக்கத்தில் ஊசித்துளை தெரிந்தாலோ 22 அல்லது 24 கேஜ் (தகட்டின் தடிமன் அளவு) கறுப்புக் குழாய் புதிதாக வாங்கிவிடுங்கள். கதவுக் கேஸ்கெட்டுக்கு டாலர் நோட்டுச் சோதனை: நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும், எளிதில் உருவி வந்தால் கயிறு மாற்றும் நேரம். சாம்பல் கதவில் இதை விடாமல் செய்யுங்கள். அங்கே ஒழுகினால் கீழ்க்காற்றை மூடியும் நெருப்பு அடங்காது.